ஆய்வுகூடத்திற் பொருளியல் மனிதன்: ஒரு வரலாற்று நோக்கு

1

பொருளியல் பரிசோதனைக்கு இடந்தராத ஓர் அறிவுத்துறை என்னும் கருத்து நீண்டகாலமாக வேரூன்றியிருந்தது. 1836 இல் ஜோன் ஸ்ருவேட் மில் அரசியற் பொருளாதாரத்தின் வரைவிலக்கணம் பற்றி எழுதிய கட்டுரையில், மனிதனைச் செல்வம் தேடுபவனாக மட்டும் கொண்டு அத்துறை ஆராய்கின்றது என்பதையும், பௌதிகவியலாளனுக்குள்ள பரிசோதனை வசதி அதற்கில்லை என்பதையும் ஒருசேர எடுத்துரைத்தார். மனிதனை இவ்வாறு குறுக்கிக் காண்பது ஆய்வு வசதிக்கான ஓர் அருவப்படுத்தலே என்பதை மில் அறிந்திருந்தார். அவருக்குப் பின்வந்தோர் பலர் அதனை மறந்தனர். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டின் பின்னர், 1985 இல் வெளிவந்த சாமுவேல்சன், நோட்ஹவுஸ் ஆகியோரின் பிரசித்தி பெற்ற பாடநூற் பதிப்பும், பொருளியலாளருக்குக் கட்டுப்படுத்தப்பட்ட பரிசோதனை கைகூடாது என்றே கூறிற்று. ஆயின் அப்பதிப்பு வெளிவந்தபோது, பொருளியற் பரிசோதனைகள் தோன்றி அரை நூற்றாண்டு கழிந்துவிட்டிருந்தது.

இப்பரிசோதனைகளின் வரலாற்றை ஒரு குறிப்பிட்ட வினாவோடு நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை. ஆய்வுகூடத்தினுள் எத்தகைய மனிதன் எதிர்பார்க்கப்பட்டான்? அங்கு உண்மையில் வந்து சேர்ந்தவன் யார்? இலக்கிய மாணவராகிய நாம் இத்துறையுட் புகுவது அத்துமீறலாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் ‘பொருளியல் மனிதன்’ எனப்படுபவன் இலக்கியத்தோடு நெருங்கிய உறவுடைய ஒரு பாத்திரம். 1719 இல் டானியல் டீபோ படைத்த றொபின்சன் குரூசோவைப் பொருளியலாளர் தமது நூல்களிற் பலமுறை குடியேற்றினர். தனித்து நிற்கும் வேட்டுவனையும் மீனவனையும் தொடக்கப் புள்ளியாகக் கொண்ட சிமித், ரிக்காடோ ஆகியோரின் முறையை, 1857 இல் எழுதிய அறிமுகக் குறிப்புகளில் மார்க்ஸ் எள்ளி நகையாடினார். நிலமானிய உறவுகள் சிதைந்து புதிய உற்பத்திச் சக்திகள் வளர்ந்ததன் விளைவாகத் தோன்றிய தனிமனிதனை, வரலாற்றின் விளைபொருளாகக் காணாது அதன் தொடக்கமாகவே அவர்கள் கண்டுவிட்டனர் என்பது அவரது விமர்சனத்தின் சாரம்.

இவ்விமர்சனம் கோட்பாட்டுத் தளத்திலே நிகழ்ந்தது. பின்னர் வந்த ஆய்வுகூடப் பரிசோதனைகள் அதே வினாவை, தாம் அறிந்தோ அறியாமலோ, நடைமுறைச் சோதனைக்கு உட்படுத்தின என்பதே நாம் ஈண்டு நிறுவ முற்படும் கருத்து.

2

1931 இல் உளவியலாளர் லூயிஸ் தேர்ஸ்ரன், தொப்பி, சப்பாத்து, மேலங்கி ஆகியவற்றுக்கிடையே ஒருவர் தெரிவிக்கும் விருப்பங்களைப் பதிவுசெய்து, பொருளியல் நூல்களிற் காணப்படும் விருப்ப வளைகோடுகளை வரைய முயன்றார். வெறும் கற்பனைத் தெரிவுகளை நம்ப முடியாது என 1942 இல் வொலிசும் மில்ரன் பிரீட்மனும் கண்டித்தனர். பங்குபற்றுநருக்கு உண்மையான பணம் வழங்கப்படல் வேண்டும் எனப் பின்னர் இத்துறையில் நிலைபெற்ற விதிக்கு இத்தகைய கண்டனங்களும் காரணமாயின.

சந்தையையே வகுப்பறைக்குட் கொணர்ந்தவர் ஹாவாட் பல்கலைக்கழகத்தின் எட்வேட் சேம்பர்லின். மாணவர் சிலரை வாங்குவோராகவும் சிலரை விற்போராகவும் பிரித்து, ஒவ்வொருவருக்கும் அவர் ஏற்கத்தக்க எல்லை விலை குறித்த அட்டையொன்றைக் கொடுத்து, அறையில் நடமாடிப் பேரம்பேச விட்டார். இவ்வாறு நடத்திய 46 பரிசோதனைகளின் பெறுபேறுகளை 1948 இல் வெளியிட்டார். கேள்வி, நிரம்பல் வளைகோடுகள் வெட்டிக்கொள்ளும் சமநிலையை அவை எய்தவில்லை. 42 பரிசோதனைகளிற் கோட்பாடு கூறிய அளவிலும் கூடுதலான விற்பனை நிகழ்ந்தது. நிறைபோட்டிச் சந்தை என்பது ஒரு கற்பிதமே எனக் கருதிவந்த சேம்பர்லினுக்கு இது உவப்பான முடிவாக இருந்தது.

1952 இல் அவ்வகுப்பிற் பங்குபற்றிய மாணவருள் வேர்னன் சிமித் ஒருவர். கான்சாஸ் மாநிலத்திற் சோசலிசப் பற்றுடைய தாயால் வளர்க்கப்பட்டு, 1948 ஆம் ஆண்டுத் தேர்தலிற் சோசலிசக் கட்சி வேட்பாளர் நோர்மன் தோமசுக்கு வாக்களித்த இவரே, பிற்காலத்திற் சுதந்திரச் சந்தையின் முதன்மையான ஆதரவாளருள் ஒருவரானார். 1956 ஜனவரியிற் பேர்டியூ பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு அவர் தமது முதற் சந்தைப் பரிசோதனையை நடத்தினார். சேம்பர்லினின் முறையில் அவர் செய்த மாற்றங்கள் இரண்டு. தனித்தனிப் பேரத்துக்குப் பதிலாக, பங்குச் சந்தையிற் போன்று வாங்குவோரும் விற்போரும் விலைகளை யாவரும் கேட்கக் கூறவேண்டும் என்றார். அதே சந்தையைப் பல சுற்றுகள் தொடர்ந்து நடத்தினார். விலை விரைவாகச் சமநிலையை நாடிற்று. 1962 இல் வெளியான இப்பெறுபேறு, சந்தையின் ‘கண்காணாக் கை’ ஆய்வுகூடத்திலே கண்டுபிடிக்கப்பட்டதாகப் பலராலும் கொண்டாடப்பட்டது.

இவ்விரு பரிசோதனைகளிலும் பங்குபற்றியோர் ஒரே வகையினரான அமெரிக்க மாணவர்களே. மாறியவை விதிகள். ஒரு விதித்தொகுதி ஒரு விளைவையும் பிறிதொரு விதித்தொகுதி வேறொரு விளைவையும் தந்தன எனின், அங்கு வெளிப்பட்டது மனித சுபாவம் எனக் கூறுதல் பொருந்தாது. வெளிப்பட்டது நிறுவன அமைப்பின் வலிமையே. இதனைச் சிமித்தும் மறுத்தாரில்லை. நிறுவன விதிகளின் முக்கியத்துவத்தைத் தமது பிற்கால ஆய்வுகளில் அவர் திரும்பத் திரும்ப வற்புறுத்தினார். ஆயின் அவர் கேளாது விட்ட வினாவொன்று உண்டு. அட்டைகளை எழுதி விநியோகித்தவர் பரிசோதனையாளர். விற்பவனிடம் பண்டம் எவ்வாறு வந்தது, அதனை ஆக்கியவர் யார், வெறுங்கையோடு நிற்பவன் அச்சந்தைக்கு எதனைக் கொண்டுவருவான் என்னும் வினாக்கள் அறைக்கதவு திறக்குமுன்னரே தீர்க்கப்பட்டுவிட்டன. பரிமாற்றம் உள்ளே நிகழ்ந்தது. உற்பத்தி வெளியே நின்றது.

3

இரண்டாவது ஊற்று, கலிபோர்னியாவின் சந்த மொனிக்காவிலிருந்த றான்ட் நிறுவனம். 1946 இல் அமெரிக்க வான்படையின் நிதியோடு ஒரு திட்டமாகத் தொடங்கி, 1948 இல் தனி நிறுவனமாகிய றான்ட், அணுவாயுத யுகத்தின் போர்த் தந்திரங்களைக் கணித நோக்கில் ஆராய்ந்தது. 1944 இல் வொன் நொய்மனும் மோர்கன்ஸ்ரேணும் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூல் அங்கு பெருமதிப்புப் பெற்றிருந்தது. அந்நூலிலும் குரூசோ வருகிறான். தனித்த குரூசோவின் பிரச்சினை இயற்கையோடு மட்டுமே. பிறர் வந்து சேர்ந்ததும் பிரச்சினையின் தன்மையே மாறிவிடுகிறது என்பதை அதன் ஆசிரியர் தெளிவாக எடுத்துக்காட்டினர். பழைய பொருளியலுக்கு இது ஒரு நியாயமான திருத்தமே. ஆயினும் குளிர்யுத்தச் சூழலில் அம்மற்றவன் முதன்மையாக எதிராளியாகவே உட்புகுந்தான்.

1950 ஜனவரியில் றான்ட் நிறுவனத்தின் மெரில் பிளட், மெல்வின் டிரெஷர் ஆகிய இருவரும் ஓர் ஆட்டத்தை வகுத்தனர். இருவரும் ஒத்துழைப்பின் இருவர்க்கும் நன்மை. ஆனால் மற்றவர் எதனைச் செய்யினும், ஒத்துழையாது விடுவதே தனித்தனியாக ஒவ்வொருவர்க்கும் மேலதிக இலாபம். இருவரும் அவ்வாறே கணித்தால் இருவரும் இழப்பர். இவ்வாட்டத்தைப் பொருளியலாளர் ஆர்மென் அல்ச்சியனும் றான்ட் கணிதவியலாளர் ஜோன் வில்லியம்சும் 100 முறை ஆடினர். ஒவ்வொரு முறையும் இருவரும் கைவிடுவர் என்பதே கோட்பாட்டின் எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. அல்ச்சியன் 68 முறையும் வில்லியம்ஸ் 78 முறையும் ஒத்துழைத்தனர். 60 சுற்றுகளில் இருவரும் ஒருங்கே ஒத்துழைத்தனர். நூறு சுற்றுகளையும் ஒரே நீண்ட ஆட்டமாகவே கருதவேண்டும் என ஜோன் நாஷ் எழுப்பிய ஆட்சேபத்தைப் பிளட் தமது அறிக்கையிலேயே சேர்த்துக்கொண்டார். அந்த ஆட்சேபம் வலுவானதே. எனினும் கோட்பாட்டை நன்கறிந்த இருவர், முதற் பரிசோதனையிலேயே அதற்கு மாறாக ஒழுகினர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்வாட்டம் உலகப் புகழ் பெற்றது அதன் எண்களால் அன்று, அதற்குக் கிடைத்த கதையால். அதே ஆண்டு ஸ்ரான்போட்டில் உளவியலாளர் முன்னிலையில் உரையாற்ற நேர்ந்த கணிதவியலாளர் அல்பேட் ரக்கர், எண்களுக்குப் பதிலாக இரண்டு கைதிகளின் கதையைக் கூறினார். வெவ்வேறு அறைகளில் அடைக்கப்பட்ட இருவரிடமும், மற்றவனைக் காட்டிக்கொடுத்தால் விடுதலை என அதிகாரி ஆசைகாட்டுகிறார். ‘கைதிகளின் இருதலைக்கொள்ளி நிலை’ என்னும் பெயர் இவ்வாறு நிலைத்தது. கதையை வாசிக்கப் பயின்றவர்க்கு இங்கு உடனே புலப்படுவன மூன்று: இடையிலுள்ள சுவர், பேசவியலாமை, நிபந்தனைகளை விதிக்கும் அதிகாரி. இம்மூன்றையும் மாறாத இயல்புகளாக ஏற்றுக்கொண்ட பின்னரே கைதிகளின் சுயநலம் தவிர்க்கமுடியாததாகத் தோன்றுகிறது. தொழிலாளரைத் தனித்தனியே அழைத்துப் பேசும் நிருவாகத்தைக் கண்ட எந்தத் தொழிற்சங்கவாதிக்கும் இக்கதை புதியதன்று.

சுவரை நீக்கினால் என்ன நிகழும் என்பதும் பின்னர் சோதிக்கப்பட்டது. எலினோர் ஒஸ்ரொம், ஜேம்ஸ் வோக்கர், றோய் காட்னர் ஆகியோர் 1992 இல் வெளியிட்ட ஆய்வில், பொதுவளமொன்றைப் பயன்படுத்துவோர் தம்முட் பேச அனுமதிக்கப்பட்டதும் ஒத்துழைப்புப் பெரிதும் உயர்ந்தது. தம்மைக் கட்டுப்படுத்தும் விதிகளைத் தாமே வகுத்தோர் அதனினும் சிறப்பாகச் செயற்பட்டனர். ஆனால் பேச்சு மட்டும் போதாது என்பதற்கு, ஒஸ்ரொம் தமது 1990 ஆம் ஆண்டு நூலில் எடுத்தாண்ட எமது தென்கரைக் கிராமமான மாவெல்ல சான்றாகும். போல் அலெக்சாண்டரின் களஆய்வை ஆதாரமாகக் கொண்டு அவர் விவரித்தபடி, கரைவலை முறைகளைச் சுழற்சியாகப் பகிரும் ஒழுங்கு அங்கு இருந்தது. ஆயினும் மீன்விலை உயர்ந்தபோது புதிய வலைகள் பெருகுவதை அக்கிராமத்தவரால் தடுக்க முடியவில்லை. வலைகளின் தொகையை வரையறுக்கும் சட்டம் இருந்தும், வெளியிலிருந்த அரசியற் செல்வாக்கு அதனை நடைமுறைப்படுத்த விடவில்லை. ஆய்வுகூடத்தில் இல்லாத அதிகாரம் கடற்கரையில் இருந்தது.

ஒரு சொல் என்ன செய்யும் என்பதும் இலக்கிய மாணவர் அறியவேண்டியதே. 2004 இல் லிபர்மன், சாமுவேல்ஸ், றொஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஆட்டம் ஒரு சாராருக்கு ‘வோல் ஸ்ரீற் ஆட்டம்’ என்றும் மறுசாராருக்குச் ‘சமுதாய ஆட்டம்’ என்றும் அறிமுகப்படுத்தப்பட்டது. எண்களில் எவ்வித மாற்றமும் இல்லை. முதற் பெயரைக் கேட்டோரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரும், இரண்டாவது பெயரைக் கேட்டோரில் ஏறத்தாழ மூன்றிலிரு பங்கினரும் ஒத்துழைத்தனர். பங்குபற்றுநர் தனியாட்களாக வரினும், தாம் வாழும் சமூகத்தின் கருத்துநிலையைத் தம்முடனேயே கொண்டுவருகின்றனர்.

4

1982 இல் ஜேர்மனியின் கொலோன் நகரில் வேர்ணர் கூத், றோல்வ் சிமிற்பேகர், பேண்ட் சுவாட்சே ஆகியோர் மிக எளிய ஆட்டமொன்றின் பெறுபேறுகளை வெளியிட்டனர். ஒருவரிடம் ஒரு தொகைப் பணம் கொடுக்கப்படும். அதனை எவ்வாறு பங்கிடலாம் என அவர் முன்மொழிவார். மற்றவர் ஏற்பின் அவ்வாறே இருவரும் பெறுவர். மறுப்பின் இருவர்க்கும் ஒன்றுமில்லை. பொருளியல் மனிதன் ஒரு சதம் தரப்பட்டாலும் ஏற்பான், ஒன்றுமில்லாததிலும் ஒரு சதம் மேல் என்பதால். நடைமுறையில், கைத்தொழில் நாடுகளின் மாணவர் பெரும்பாலும் 40 முதல் 50 சதவீதம் வரை கொடுக்க முன்வந்தனர். மிகக் குறைந்த பங்குகள் அடிக்கடி மறுக்கப்பட்டன. தமக்கு இழப்பு நேரினும் அநீதியான பங்கை ஏற்கமாட்டோம் எனக் கூறும் மனிதர் ஆய்வுகூடத்தினுள் நுழைந்தனர்.

இது மனித குலம் முழுவதற்கும் உரிய நீதியுணர்வா? ஆந்திரோபொலொஜி மாணவரான ஜோசப் ஹென்றிச், பெரு நாட்டின் அமேசன் பகுதியிலுள்ள மச்சிகெங்கா மக்களிடையே இவ்வாட்டத்தை நடத்தி 2000 இல் வெளியிட்டபோது புதிய பிரச்சினை எழுந்தது. அங்கு முன்மொழியப்பட்ட சராசரிப் பங்கு 26 சதவீதமே. அதனையும் எவரும் பெரும்பாலும் மறுக்கவில்லை. பின்னர் ஹென்றிச், றொபேட் பொய்ட், சாமுவேல் போல்ஸ், ஏர்ண்ஸ்ற் பேர், ஹேபேட் ஜின்ரிஸ் முதலியோர் இணைந்து 15 சிறு சமூகங்களில் மேற்கொண்ட ஆய்வு 2001 இல் வெளிவந்தது. இவருள் போல்சும் ஜின்ரிசும் 1976 இல் அமெரிக்க முதலாளித்துவத்தின் பள்ளிக்கல்வியைக் கடுமையாக விமர்சித்து நூலெழுதிய இடதுசாரிப் பொருளியலாளர் என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்வாய்வின் பெறுபேறுகள் எமக்கு மிக முக்கியமானவை. பாடநூல் கூறும் தன்னலவாதி 15 சமூகங்களில் ஒன்றிலேனும் தென்படவில்லை. ஆனால் சமூகத்துக்குச் சமூகம் வேறுபாடு பெரிதாக இருந்தது. இந்தோனேசியாவின் லமலேரா மக்கள் படகுக் குழுக்களாகச் சேர்ந்து திமிங்கிலம் வேட்டையாடி, பிடிபட்டதை வழக்காற்று விதிகளின்படி கூறிடுவோர். அவர்கள் முன்மொழிந்த சராசரிப் பங்கு பாதியைத் தாண்டிற்று. மச்சிகெங்கா மக்களின் வாழ்வோ பெரும்பாலும் குடும்ப எல்லைக்குள் அமைந்த உழைப்பைச் சார்ந்தது. பப்புவா நியூகினியின் அவு, ஞ்னாவு மக்களிடையே, பாதிக்கு மேற்பட்ட தாராளமான பங்குகளும் மறுக்கப்பட்டன. பெருங்கொடையை ஏற்பவன் கடமைப்பட்டவனாகிறான் என்னும் வழக்கம் அங்கு உண்டு. கென்யாவின் ஓர்மா மக்கள், பொதுநிதிக்குப் பங்களிக்கும் ஆட்டத்தைக் கண்டதும், ஊர்ப் பாடசாலை முதலியவற்றுக்குப் பணந்திரட்டும் தமது ‘ஹரம்பே’ வழக்கமே இது என அடையாளம் கண்டனர். தனியாளின் வயதோ பால்வேறுபாடோ இவ்வேறுபாடுகளை விளக்கவில்லை. கூட்டுழைப்பு வாழ்வுக்கு எவ்வளவு அவசியம், சந்தையோடு எவ்வளவு தொடர்பு என்னும் இரு காரணிகளே அவற்றின் பெரும்பகுதியை விளக்கின.

இவற்றுள் முதற் காரணி மார்க்சியருக்கு வியப்பளிக்காது. மனிதர் தம் வாழ்வை உற்பத்தி செய்யும் முறை அவர்தம் உணர்விற் பதிகின்றது. இரண்டாவது காரணி எம்மைச் சங்கடப்படுத்துவது. சந்தையோடு கூடிய தொடர்புடைய சமூகங்கள், குறைந்த தொடர்புடையவற்றிலும் சமமான பங்கீட்டை நாடின. பண்ட உறவு மனிதரைச் சுயநலமிகளாக்கும் என இலகுவிற் கூறிவிடும் எமது பழக்கத்துக்கு இது முரணானது. இதனை மறைத்துவிட்டு முதற் காரணியை மட்டும் எடுத்தாள்வது நேர்மையாகாது. எமது கருத்தில், மார்க்சிடமே இதற்கான தொடக்கம் உண்டு. பண்டப் பரிமாற்றத்தில் ஈடுபடுவோர் ஒருவரையொருவர் உடைமையாளராக, சட்ட நோக்கிற் சமமானவராக ஏற்றுக்கொள்ள வேண்டும் என ‘மூலதன’த்தின் முதற்பாகம் விளக்குகின்றது. அந்நியரோடு சமமாகக் கொடுத்து வாங்கும் ஒழுக்கம் சந்தையின் வரலாற்றுப் பேறுகளுள் ஒன்று. அச்சமத்துவம் தொழிற்சாலை வாயிலோடு நின்றுவிடுகிறது என்பதே அவரது விமர்சனம். ஆகவே முதலாளித்துவத்துக்கு முந்திய சமூகத்தைத் தூய கூட்டுவாழ்வாகக் கற்பனை செய்யும் போக்கை, எமது முற்போக்கு எழுத்துக்களில் அவ்வப்போது தலைகாட்டும் கிராமியப் புனைவு உட்பட, இச்சான்றுகளின் ஒளியில் மீள்பரிசீலனை செய்தல் வேண்டும்.

5

ஆய்வுகூடத்தின் குறைபாடுகளும் வரலாற்று நோக்கிற் காணப்படவேண்டியவை. முதலாவது, பங்குபற்றுநரின் தெரிவு. நெடுங்காலமாக மனிதன் எனக் குறிக்கப்பட்டவன் மேற்கத்திய பல்கலைக்கழக மாணவனே என்பதை ஹென்றிச், ஹைன், நோரென்சாயான் ஆகியோர் 2010 இல் வெளியிட்ட கட்டுரை எடுத்துக்காட்டிற்று. கோட்பாடு மாணவனை உருவாக்குவதும் உண்டு. 1981 இல் மார்வெலும் ஏம்சும் வெளியிட்ட பெறுபேறுகளில், பிறர் தம் பணத்தின் ஏறத்தாழப் பாதியைப் பொதுநிதிக்கு இட, பொருளியல் முதுநிலை மாணவர் 20 சதவீதமே இட்டனர். இத்துறை அத்தகையோரை ஈர்க்கிறதா, ஆக்குகிறதா என்பது விவாதத்துக்குரியது.

இரண்டாவது, உடைமை பற்றிய கருத்துநிலை. 1994 இல் எலிசபெத் ஹொவ்மனும் வேர்னன் சிமித் முதலியோரும் காட்டியபடி, பங்கிடும் அதிகாரத்தைப் பொதுஅறிவு வினாவிடையில் வென்று ‘உழைத்துப் பெற்றதாக’ அமைத்ததும், முன்மொழியப்பட்ட பங்குகள் குறைந்தன. எதிர்த்தரப்பாரும் அவற்றை ஏற்றனர். சில வினாக்களுக்கு விடையளித்ததே உரிமைக்குப் போதிய நியாயமாயிற்று. தகுதியின் பெயரால் ஏற்றத்தாழ்வு எவ்வாறு ஒப்புக்கொள்ளப்படுகிறது என்பதற்கு இதனினும் சுருக்கமான சான்று காண்பதரிது.

மூன்றாவது, உழைப்பு. 1993 இல் பேர், கேர்ச்ஸ்ரைகர், றீடல் ஆகியோர் ஆய்வுகூடத்திற் கூலிச் சந்தையொன்றை அமைத்தனர். உயர்ந்த கூலிக்கு ஈடாக ‘தொழிலாளர்’ கூடிய முயற்சி தந்தனர். இது பெறுமதியான பெறுபேறு. எனினும் அங்கு முயற்சி என்பது தாளில் தெரியும் ஓர் எண். களைப்பும் அன்று, பசியும் அன்று. மறுத்துவிட்டு வீடு செல்லத்தக்கவரின் தெரிவைக் கொண்டு, மறுக்க வழியற்றவரின் தெரிவை அளவிட முடியாது.

இவற்றோடு, எமக்குரிய எச்சரிக்கையொன்றும் உண்டு. பொதுநிதி ஆட்டத்தில் தொடக்கத்திற் பாதியளவு பங்களிப்போர், பிறர் சும்மா இருந்து பயன்பெறுவதைக் காணக்காணச் சுற்றுக்குச் சுற்று அதனைக் குறைக்கின்றனர். தவறுவோரைத் தம் செலவிலேனும் தண்டிக்க இடமளித்தபோது ஒத்துழைப்பு நிலைத்தது என 2000 இல் பேரும் சைமன் கெக்டரும் காட்டினர். ஆனால் 16 நகரங்களில் நடத்தி 2008 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், சில நகரங்களிற் பங்களித்தவரே தண்டிக்கப்பட்டனர். ஒற்றுமை தானே விளைந்து நிற்கும் பயிரன்று. அதற்குரிய நிறுவனங்களும் அவற்றின்மேல் நம்பிக்கையும் வேண்டும்.

6

2002 இல் வேர்னன் சிமித்தும் டானியல் கானமனும் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசு பெற்றதோடு, பரிசோதனை முறை அத்துறையின் மையத்தில் இடம்பெற்றது. கணக்கிற் பிசகும் மனிதனைச் சிறு தூண்டுதல்களால் நெறிப்படுத்தும் கொள்கை அரசாங்கங்களுக்கும் உவப்பாயிற்று. 2010 இல் பிரித்தானிய அரசு இதற்கெனத் தனிப்பிரிவே அமைத்தது. தெரிவு செய்பவனின் பிழை திருத்தப்பட்டது. தெரிவுகளை அவன்முன் வைக்கும் உறவுகள் வினாவுக்குள்ளாகவில்லை.

இதனைக் காட்டி, இப்பரிசோதனைகளை முழுதாக முதலாளித்துவக் கருத்தியல் என ஒதுக்கிவிடல் எளிது. அது தவறு எனக் கருதுகிறோம். மனிதன் இயல்பாகவே தன்னலவாதி, ஆகவே வேறொரு சமூகம் கனவே என்னும் வாதத்துக்கு எதிரான சான்றுகள், அவ்வாதம் தனக்கு அரணாகக் கொண்ட ஆய்வுகூடத்திலிருந்தே வந்துள்ளன. மனிதன் இயல்பாகவே ஒத்துழைப்பவன் என்னும் எமது ஆறுதலையும் அதே சான்றுகள் அனுமதிக்கவில்லை. விதி மாறின், பெயர் மாறின், சுவர் நீங்கின், கூட்டுழைப்பின் வடிவம் மாறின் மனித நடத்தையும் மாறுகின்றது என்பதே 1948 முதல் இன்றுவரையான பரிசோதனைகள் பொதுவாகக் காட்டும் உண்மை. அவ்வகையில், குரூசோவின் தீவிலிருந்து புறப்பட்ட பொருளியல் மனிதன் ஆய்வுகூடத்தில் எங்கும் காணப்படவில்லை. அங்கு காணப்பட்டவர் லமலேராப் படகோட்டியும் ஓர்மாக் கிராமத்தவரும் பொருளியல் பயிலும் மாணவரும் ஆவர். ஒவ்வொருவரும் தத்தம் சமூக உறவுகளோடேயே அங்கு வந்தனர்.

எமது சூழலில், மனித சுபாவம் என்னும் சொற்றொடர் அரசியலிலும் இலக்கிய விமர்சனத்திலும் விவாதத்தை முடித்துவைக்கும் இறுதி வார்த்தையாகவே பெரிதும் கையாளப்படுகிறது. அச்சொற்றொடரைக் கேட்கும் ஒவ்வொரு தருணத்திலும், யாருடைய சுபாவம், எவ்விதிகளின் கீழ், எவரால் வகுக்கப்பட்ட ஆட்டத்தில் எனத் திருப்பிக் கேட்பதற்கு இவ்வரலாறு எமக்குப் போதிய ஆதாரம் தருகின்றது.